பிரேக் புதுசு, சத்தம் பழசு

மழை விட்டதும் தோட்டத்து வீடுகளுக்கு முதலில் வந்து சேர்பவர் பழைய இரும்பு வியாபாரி. வாசலில் நின்று மிளகு விலை பேசிக்கொண்டிருப்பார். கண் மட்டும் கொட்டகைப் பக்கம் போய்ப் போய் வரும். அங்கே செங்கல் அடுக்கின் மேல் ஒரு வண்டி நிற்பது அவருக்குத் தெரியும். எடைக்கு எடுத்துக்கொள்கிறேன், லாரியும் நானே கொண்டுவருகிறேன் என்பார்.

குடகு மாவட்டத்துக் காபித் தோட்ட வீடு ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பெயர் முக்கியமில்லை. நாசிக்கிலும் டேராடூனிலும் நீலகிரியிலும் இதே வீடு உண்டு, இதே கொட்டகையும் உண்டு. அப்பா 1969ல் வாங்கிய மஹிந்திரா எப்.சி. 150 பிக்கப். அவர் போய்ப் பதினான்கு வருடமாகிறது; வண்டி நின்றும் பதினான்கு வருடம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய மூத்த மகன் அதை ஓட வைக்க நினைக்கிறார். தம்பி விற்றுவிடலாம் என்கிறார். அம்மா எந்தப் பக்கமும் பேசுவதில்லை. ஆனால் இரும்பு வியாபாரி வரும் நாளில் மட்டும் அவருக்குக் காபி கொடுக்க மறந்துவிடுகிறார்.

இந்த வண்டியின் பூர்வீகம் அமெரிக்கா. ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் இருந்த வில்லிஸ் நிறுவனம் 1956ன் கடைசியில் இதைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ். சாதாரண ஜீப்பின் 81 அங்குல சக்கர இடைவெளியை வைத்துக்கொண்டே, டிரைவரின் இருக்கையை இன்ஜினுக்கு மேலே தள்ளி, பின்னால் சரக்குப் பெட்டிக்கு இடம் பிடித்தார்கள். அமெரிக்காவில் அது பெரிதாக விற்கவில்லை. 1960களின் நடுவில் தயாரிப்பு நின்றது. அதே சமயத்தில், 1965ல், மஹிந்திரா அதை இந்தியாவில் தயாரிக்க ஆரம்பித்தது. அங்கே முடிந்த கதை இங்கே தொடங்கியது. பின்னர் வந்த எப்.சி. 160ல் இடைவெளி 90 அங்குலமாக நீண்டது. தட்டை மூஞ்சியும் உருண்டைக் கண்களுமாக மலைப்பாதைகளில் மூட்டை, உரம், ஆட்கள், கல்யாணச் சீர் எல்லாவற்றையும் சுமந்த வண்டி இது.

இப்போது கேள்வி, 'ஓட வைப்பது' என்றால் என்ன? அப்பா விட்டுப்போன நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவதா, இன்றைய சாலைக்கும் இன்றைய டிரைவருக்கும் ஏற்ப மேம்படுத்துவதா? கேட்க எளிமையாக இருக்கிறது. பதிலில்தான் பணம், சட்டம், உயிர் மூன்றும் மாட்டிக்கொள்கின்றன.

முதல் வேலை ஸ்பானரை எடுப்பதல்ல, ஆர்.சி. புத்தகத்தைத் தேடுவது. சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் புத்தகத்தில் உள்ளபடியே வண்டியில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். துருவைச் சுரண்டி, காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் எழும்பி வரும்; போக்குவரத்து அலுவலகத்திலும் இப்படித்தான் எடுப்பார்கள். எண் பொருந்தவில்லை என்றால் மீதிச் செலவெல்லாம் வீண். தோட்டத்து வீட்டில் அது அம்மாவின் பீரோவில், நகைப் பெட்டிக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. தம்பிக்கு அப்போதே பாதி புரிந்துபோயிற்று.

இரண்டாவது ஆதாரம் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. டிரைவர் பக்கக் கதவின் உட்புறத்தில் அப்பா வெள்ளைப் பெயின்ட்டால் வரிசையாகத் தேதிகள் எழுதி வைத்திருக்கிறார். ஆயில் மாற்றியது, பட்டை மாற்றியது, கிளட்ச் தட்டு மாற்றியது. கடைசி வரிக்கு மேல் வரி: போர், 40 தௌ. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை மெக்கானிக்குகள் தௌ என்பார்கள். சிலிண்டர் தேயத் தேய அதைக் கடைந்து அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். 10, 20, 30, 40 என்று போய், பொதுவாக அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் கடைந்தால் சுவர் மெலிந்துவிடும். ஆக, இன்ஜினைத் திறக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிட்டது: இந்த பிளாக்கை இன்னொரு முறை கடைய முடியாது.

அப்பாவுக்கு வேலை செய்த பழைய மெக்கானிக் அந்த வரியைப் படித்துவிட்டு, எல்லாரும் சொல்வதையே சொன்னார். இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு டீசல் இன்ஜின் வைத்துவிடலாம்.

இது ஏதோ சோம்பேறி யோசனை அல்ல. இந்தியாவில் பழைய ஜீப்புகள் பிழைத்ததே இப்படித்தான். 1973ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1979ல் மஹிந்திராவே பிரான்சின் பெஜோ நிறுவனத்தோடு டீசல் இன்ஜினுக்கு ஒப்பந்தம் போட்டது. தனியாரும் கிடைத்த டீசல் இன்ஜினைக் கிடைத்த ஜீப்பில் வைத்துக்கொண்டார்கள். ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையில் இருக்கிற மண்டி டப்வாலி என்ற சிற்றூருக்குப் பிழைப்பே இதுதான். ராணுவம் ஏலம் விட்ட ஜீப்புகளை வாங்கிப் பிரித்து, வெட்டி, ஒட்டி, புதிது போல ஆக்கி விற்பதில் அது பெயர் வாங்கியது. மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில் நேபாள எல்லையை ஒட்டிய மானேபஞ்சாங்கில், 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்பூவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் 1950களின் லேண்ட் ரோவர்கள் இன்னொரு உதாரணம். வெளியே பிரிட்டிஷ் உடம்பு. பலவற்றின் உள்ளே துடிப்பது மஹிந்திரா டீசல் இன்ஜின். அந்த மாற்றம் இல்லாவிட்டால் அவை என்றைக்கோ எடைக்குப் போயிருக்கும்.

ஆனால் சட்டம் இந்தச் சாமர்த்தியத்தை ரசிப்பதில்லை. 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டுப் பதிவுச் சான்றிதழில் ஏறிய விவரங்களுக்கு மாறாக உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது. இன்ஜினை மாற்றவோ வேறு எரிபொருளுக்குப் போகவோ வழி அடியோடு இல்லாமல் இல்லை; ஆனால் முன் அனுமதி, அங்கீகாரம் பெற்ற பாகங்கள், சான்றிதழில் திருத்தம் எல்லாம் வேண்டும். டவுன் ஷெட்டில் ஒரு வாரத்தில் மாட்டிக்கொண்டு வருகிற இன்ஜினுக்கு இவை எதுவும் இருக்காது. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ்காரர் இன்ஜின் எண்ணைப் பார்க்கிற அன்றுதான் பலருக்கு இது உறைக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு, முதல் பதிவு நடந்து 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், செல்லுபடி 10 வருடம், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டும் சாலையில் போகலாம். அன்றாட உபயோகத்துக்கும் வியாபாரத்துக்கும் கூடாது. நிபந்தனை இதுதான்: வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சரக்கு வாகனமாகப் பதிவான பிக்கப்புக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைப் பணம் கட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. எப்படியானாலும், அன்று வண்டியைக் காப்பாற்றிய டீசல் இன்ஜினே இன்று அதன் அந்தஸ்தைப் பறித்துவிடும் என்பதுதான் வேடிக்கை. தலைநகர் தில்லி வட்டாரத்தில் நிலைமை இன்னும் கடுமை. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018ல் உறுதி செய்தது. 2025லும் அந்த வழக்கு மீண்டும் நீதிமன்றப் படியேறியது.

ஆக, மகன் எடுத்த முடிவு நடுவழி. பிளாக் அதேதான், எண்ணும் அதேதான். லேத்தில் கொடுத்து நாலு சிலிண்டருக்கும் ஸ்லீவ் அடித்து, அளவை மறுபடி ஆரம்பத்துக்குக் கொண்டுவருவது. டீசல் இன்ஜினைவிட நேரம் அதிகம், பலமும் கூடாது. அந்த 134 கன அங்குல இன்ஜின் புதிதாக இருந்தபோதே சுமார் 75 குதிரைத் திறன்தான். இன்டேக் வால்வு தலையிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கிற அந்தக் காலத்து ஏற்பாடு. அதன் தனிச் சத்தம் கேட்டுப் பழகியவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். மெக்கானிக்குக்கு முதலில் மனசில்லை. கதவில் அப்பா எழுதிய வரியை மீண்டும் ஒரு முறை பார்த்துவிட்டு, லேத்துக்கு அவரே எடுத்துப் போனார்.

மூல வடிவம், மூல வடிவம் என்று எல்லாவற்றிலும் பிடிவாதம் பிடிப்பதும் தப்பு. அதற்கும் இந்த வீட்டில் ஒரு கதை உண்டு. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, காபி மூட்டையோடு மலை இறங்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஒரு வளைவில் பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது. மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே ஒன்று. அதிலிருந்து நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. எங்காவது ஓரிடத்தில் பிளந்தால் நாலும் போயிற்று. அவர் கீழ் கியரில் போட்டு, வண்டியை மண்மேட்டில் உரசி நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது இப்போது விற்கச் சொல்லும் தம்பி. அவருக்கு அப்போது எட்டு வயது. அவர் வண்டியை வெறுப்பதற்குக் காரணம் பணம் அல்ல என்பது இந்த வேலை ஆரம்பித்த பிறகுதான் அண்ணனுக்கே தெரிந்தது.

அதனால் முதலில் மாற்றியது பிரேக்கைத்தான். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு தனி வழிகள் கொண்ட டேண்டம் மாஸ்டர் சிலிண்டர். குழாய்கள் முழுக்கப் புதிது. ரப்பர்கள் எல்லாம் புதிது. ஒரு வழி உடைந்தாலும் மற்றது வண்டியை நிறுத்தும். டிரம்கள் பழையவையே. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பதினான்கு வருடம் நின்ற வண்டியில் அந்த ஈரம் வீல் சிலிண்டர்களை உள்ளிருந்தே அரித்திருக்கும். இந்த மாடலுக்கு முன்பக்கப் பாரம் அதிகம் என்பதால், காலிப் பெட்டியோடு பலமாகப் பிரேக் போட்டால் பின்சக்கரம் பிடியை விடும். எனவே பெடலை மிதிப்பதிலும் நிதானம் தேவை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசி தட்டுவது பல ஷெட்டுகளில் வழக்கம், நுரையீரலுக்கு அது விஷம். ஈரத் துணியால் துடைப்பதே சரி.

மற்ற மேம்பாடுகளும் இதே கணக்கில்தான். வெளியே தெரியாதவை, உயிரைக் காப்பவை, வேண்டும்போது கழற்றிவிடக் கூடியவை. துணி சுற்றிய பழைய ஒயர்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் ப்யூஸ் வைத்த புது ஒயரிங். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். மெதுவாக ஓடும்போதும் முகப்பு விளக்கு மங்காது. பேட்டரியை ஒரே திருகில் துண்டிக்கிற சுவிட்ச். தரைத் தகட்டில் கனமான பட்டி வைத்து இறுக்கிய சீட் பெல்ட். அலாய் சக்கரம், கண்ணைப் பறிக்கும் விளக்கு வரிசை, ஏ.சி. எதுவும் இல்லை.

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க நின்றது. பழைய இன்ஜின்கள் பலவற்றில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் தேயாமல் காத்தது. ஓவர்ஹாலின்போது அங்கே கெட்டியான உலோக வளையம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இப்போது எத்தனால் கலப்பு 2025ல் 20 சதவீதத்தை எட்டியிருக்கிறது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயப்ரத்தையும் அரிக்கும், டேங்கில் படிந்த கசடைக் கரைத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும், தண்ணீரையும் இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்கள் போடாமல் பழைய வண்டியை ஸ்டார்ட் செய்வது நெருப்போடு விளையாடுவது.

வீட்டில் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் மறக்கக் கூடாத சில உண்டு. நெடுநாள் நின்ற இன்ஜினைப் பேட்டரி வைத்து முடுக்கக் கூடாது. பிளக் துவாரங்களில் மெல்லிய எண்ணெய் ஊற்றிச் சில நாள் விட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும்; சிக்கிய ரிங்கை வலுக்கட்டாயமாக இழுத்தால் உடையும். காலி பெட்ரோல் டேங்கில் வெல்டிங் வைப்பது வெடிகுண்டில் வைப்பது போல. உள்ளே தங்கிய ஆவிக்கு ஒரு பொறி போதும். மூடிய கொட்டகையில் இன்ஜினை ஓடவிடக் கூடாது. ஜீப் வகை வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் இருக்கிறது. பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், டிபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுழல விட்டு, வண்டி ஜாக்கியிலிருந்து உருண்டுவிடும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறோமே என்று நம்பி அடியில் படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, உறுதியான ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

தகரத்தில்தான் ஏமாற்று வேலை அதிகம். துருப்பிடித்த இடத்தில் பட்டி பார்த்து, தேய்த்து, பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டு மழைக்காலம் தாங்கும். அப்புறம் பட்டி பெயர்ந்து, துரு முன்பைவிடப் பெரிதாகச் சிரிக்கும். குடகு மாதிரி மழை கொட்டும் ஊரில் இது இன்னும் சீக்கிரம். அழுகிய தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன் மேல்தான் பட்டி. தோட்டத்து வண்டியில் தரைத் தகடும் படிகளும் முழுக்கப் போயிருந்தன. டிங்கரிங் செய்தவர் கதவையும் வழித்துப் புதுசாக்கிவிடலாம் என்றார். உட்பக்கம் மட்டும் தொட வேண்டாம் என்று சொன்னது தம்பி. அங்கே இருப்பது வண்டியின் மருத்துவச் சீட்டு என்று அவர் காரணம் சொன்னார். மற்றவர்கள் வேறு காரணம் எதுவும் கேட்கவில்லை.

செலவுக் கணக்குப் பார்த்தால் இந்த வேலை எந்த நாளும் நியாயமாகாது. இரும்பு வியாபாரி கொடுப்பதைப் போலப் பல மடங்கு போகும், திரும்பி வராது. புது பிக்கப் ஒன்று இதைவிட வேகமாகப் போகும், இரண்டு மடங்குக்கு மேல் சுமக்கும், ஏர் பேக்கோடு வரும். பழசெல்லாம் பொன் என்று கட்டி அழுவதற்கும் நியாயமில்லை. புகை கக்கிக்கொண்டு தினமும் டவுனுக்குள் ஓடும் பழைய வண்டி யாருக்கும் நன்மை செய்வதில்லை. அரசு அதைத் தடுப்பதில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் வருடத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும் வண்டி வேறு. அதில் ஒரு காலத்து வேலைமுறை அப்படியே இருக்கிறது. கழற்றிப் பார்க்க முடிந்த இயந்திரம், சரிசெய்ய முடிந்த பாகம், எழுதி வைத்துவிட்டுப் போன கணக்கு. அதைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்குச் சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதற்குள் நுழைய வேண்டுமானால் இன்ஜின் எண்ணைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதே சமயம், மூல வடிவம் என்ற பெயரில் ஒற்றை வழி பிரேக்கை வைத்துக்கொண்டு பேரக்குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவது பக்தி அல்ல, அசட்டுத்தனம். எதை மாற்றக் கூடாது, எதை மாற்றியே ஆக வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் இந்த வேலையின் பாதி அடங்கியிருக்கிறது. மீதிப் பாதி, கையில் கிரீஸ்.

அடுத்த மழை முடிந்து இரும்பு வியாபாரி வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. வண்டி கீழே, தோட்டத்துப் பாதையில் இருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தது தம்பி, முதல் வளைவுக்கு வெகு முன்பே, தேவையில்லாமல், பிரேக்கை ஒரு முறை மிதித்துப் பார்த்தார். பெடல் பாதியில் கெட்டியாக நின்றது. அன்றைக்கு வியாபாரிக்குக் காபி கிடைத்தது.